முதல் இடம் யாருக்கு? எதிர்வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்த பாடம்

ஓம் சரவணபவ!

"சாமிக்குத்தான் முதல் இடம்"னு நாம எல்லோரும் சொல்கிறோம். அந்த முதல் இடம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிய வைத்தவர் ஒரு கிறிஸ்தவ அக்கா. நம்ம பக்கத்தில் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நல்ல பாடம் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

நான்காவது செவ்வாய்க்கிழமை

நாங்கள் அம்பத்தூர் ஒரகடம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். சொந்த வீடு அமைய வேண்டும் என்று சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை வருவதாக வேண்டிக்கொண்டேன். மூன்று வாரம் நல்லபடியாகப் போனது. நான்காவது வாரம் காலை ஐந்து மணிக்குக் குளித்துவிட்டுக் கிளம்புகிறேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "தலை சுத்துற மாதிரி இருக்குடா" என்றார்கள். அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு.

"டீ போட்டு வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் படும்மா. பதினோரு மணிக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். ஒரு வாரம் விட்டால் கணக்கு போய்விடுமே என்ற பயம். மனைவியும் ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை சிறுவாபுரிக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். வரிசையில் நிற்கும்போது போன் பைக்குள்ளே, சத்தமில்லாமல். தரிசனம் முடிந்து வெளியே வந்து பார்த்தால் ஒன்பது மிஸ்டு கால். எல்லாமே எதிர்வீட்டு அக்கா.

அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி, பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்திருக்கிறார்கள். பால் கொடுக்க வந்தவர் கதவு திறக்காததைப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டிரிப்ஸ் ஏற்றி, நான் போய்ச் சேரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னும் கொஞ்சம் லேட் ஆகியிருந்தா சிக்கல்தான்" என்று டாக்டர் சொன்னபோது, என் நெற்றியில் சிறுவாபுரி விபூதி அப்படியே இருந்தது.

அப்புறம்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது. அது லெந்து காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் விரத காலம். அன்று அவர்கள் சபையில் உபவாச ஜெபம். அதை நடத்தும் முறை அன்றைக்கு அக்காவுடையது. பட்டுப்புடவை இல்லாமல் எளிமையாக ஒரு வெள்ளைப் புடவை கட்டி, பைபிளைப் பையில் வைத்துக் கிளம்பியவர், அப்படியே ஆட்டோவில் ஏறியிருக்கிறார்.

எனக்கு வெட்கம். "ஏங்க்கா, எப்பவும் 'கர்த்தருக்குத்தான் முதல் இடம்'னு சொல்வீங்க. இன்னைக்கு எங்க அம்மாவுக்காக அவரை ரெண்டாவதா வச்சுட்டீங்களே" என்று ஏதோ சமாளிக்கச் சொன்னேன்.

அக்கா சிரித்தார். "தம்பி, அவரை முதல்ல வச்சதாலதான் இங்க வந்தேன். ஜெபத்துக்குப் போயிருந்தா, என் முறையைத்தான் முதல்ல வச்சிருப்பேன்."

அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்க விடவில்லை. அதற்குப் பிறகு அக்காவிடம் நிறையக் கேட்டேன், நானும் தேடிப் படித்தேன். அதுதான் இந்தப் பாடம்.

ஒரு நாள் எப்படித் தொடங்குகிறது?

கிறிஸ்தவர்களின் பத்துக் கட்டளைகளில் முதல் கட்டளையே இறைவனுக்கு முதல் இடம் கொடுப்பதைப் பற்றியது. ஆனால் அக்கா எனக்குக் காட்டியது அதைவிட நுட்பமான ஒன்று. இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபம் ஒன்று உண்டு. பரமண்டல ஜெபம் என்பார்கள். அதன் வரிசையைக் கவனியுங்கள். முதலில் இறைவனின் பெயர் போற்றப்பட வேண்டும், அவருடைய ஆட்சி வர வேண்டும், அவருடைய விருப்பம் நடக்க வேண்டும் என்று மூன்று வேண்டுதல். அதற்குப் பிறகுதான் இன்றைய சாப்பாடு, பாவ மன்னிப்பு, சோதனையிலிருந்து காப்பு.

நான் கோயிலில் எப்படி வேண்டுவேன்? "முருகா, வீடு கொடு. பையனுக்கு மார்க் கொடு. ஓவர்டைம் கொடு." கடைசியில் நேரம் இருந்தால் "எல்லாரும் நல்லா இருக்கணும்." வரிசை தலைகீழ்!

அக்கா வீட்டுப் பழக்கங்கள் மிக எளிமையானவை. காலையில் போனைத் தொடுவதற்கு முன் பதினைந்து நிமிடம் வேத வாசிப்பு, ஜெபம். சாப்பிடும் முன் தட்டைப் பார்த்து ஒரு நிமிடம் நன்றி. இரவு எட்டரை மணிக்கு டிவியை நிறுத்திவிட்டுக் குடும்ப ஜெபம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. சம்பளம் வந்ததும் பத்தில் ஒரு பங்கு தனியாக ஒரு கவரில். அதைத் தசமபாகம் என்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் வரும் வழக்கம் இது. எல்லா சபையும் இதைக் கட்டாயமாக்குவதில்லை. ஆனால் 'மீதி இருந்தால் கொடுப்பது' என்பதற்கும் 'முதலில் எடுத்து வைப்பது' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே முக்கியம்.

திருநெல்வேலி, கன்னியாகுமரி பக்கக் கிராமத்து சபைகளில் முதற்பலன் கொடுப்பதை இன்றும் பார்க்கலாம். தோட்டத்தில் முதலில் காய்த்த தேங்காய், முதல் வாழைத்தார், கோழியிட்ட முட்டை என்று கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு அதை ஏலம் விடுவார்கள். வடகிழக்கே மிசோரத்தில் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைச் சபைக்கென எடுத்து வைக்கிறார்கள். 1910-இல் தொடங்கிய பழக்கம் அது. நமக்கும் இது புதிதில்லை. காஞ்சி மகா பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டமும் இதே மாதிரிதானே! ஏழை வீட்டிலும் ஒரு பிடி இருக்கும். சமைத்து மிஞ்சியதைக் கொடுப்பது வேறு. சமைக்கும் முன் எடுத்து வைப்பது வேறு.

'கொர்பான்' என்று ஒரு சொல்

இப்போது என் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அக்கா பைபிளில் மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். இயேசுவின் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் தன் பொருளைக் 'கொர்பான்', அதாவது இறைவனுக்குக் காணிக்கையாக விடப்பட்டது, என்று சொல்லிவிட்டால் போதும். அதை வைத்து வயதான தாய் தகப்பனுக்கு உதவ வேண்டியதில்லை என்று விட்டுவிடுவார்கள். கேட்டால் "அது சாமிக்கு வச்சது" என்று பதில். இயேசு இதை மிகக் கடுமையாகக் கண்டித்தார். தாயையும் தகப்பனையும் மதிக்கச் சொன்னவரும் அதே இறைவன்தானே, அவர் பெயரைச் சொல்லியே அவர் கட்டளையை உடைக்கிறீர்களே என்பதுதான் அந்தக் கண்டிப்பின் சாரம்.

அக்கா என்னைக் குத்திக் காட்டுவதற்காகப் படிக்கவில்லை. ஆனால் எனக்கு நெஞ்சில் தைத்தது. என் நான்காவது செவ்வாய்க்கிழமை ஒரு கொர்பான்தான்.

நம்ம வீட்டுக் கதையும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாம்பழத்துக்காக மயில்மேல் ஏறி உலகத்தைச் சுற்றி வந்தவர் நம்ம முருகன். பழத்தை வாங்கியவர் அம்மா அப்பாவைச் சுற்றி வந்தவர். சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன், பைக்கில் ஏறிப் போய்விட்டேன்!

ஒரே அதிகாரத்தில் இரண்டு கதை

"அப்படின்னா கோயிலுக்கே போக வேண்டாம், அம்மாவைப் பார்த்துக்கிட்டாப் போதும்னு சொல்றீங்களா?" என்று சிலர் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதற்கு அக்கா லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தைக் காட்டினார். அதில் அடுத்தடுத்து இரண்டு சம்பவம் வருகிறது.

முதலாவது, நல்ல சமாரியன் கதை. கள்ளர்கள் அடித்துப் போட்ட ஒருவன் வழியில் கிடக்கிறான். கோயில் பணியில் உள்ள ஆசாரியர் ஒருவர் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார். அடுத்து லேவியர் ஒருவரும் அப்படியே போகிறார். ஊர் ஒதுக்கி வைத்திருந்த சமாரியர் ஒருவர்தான் இறங்கி, காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் பணம் கொடுக்கிறார்.

உடனே அடுத்ததாக மார்த்தாள், மரியாள் என்ற சகோதரிகள் வீட்டுக்கு இயேசு வருகிறார். மார்த்தாள் சமையல் வேலையில் ஓடிக்கொண்டே இருக்கிறாள். மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். மார்த்தாள் குறை சொல்கிறபோது, உட்கார்ந்து கேட்ட மரியாளே நல்லதைத் தேர்ந்தெடுத்தாள் என்கிறார் இயேசு.

பார்த்தீர்களா? முதல் கதை "எழுந்து போய்ச் செய்" என்கிறது. இரண்டாவது "உட்கார்ந்து கேள்" என்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்துவிடுவோம். காலையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டவருக்குத்தான், பத்து மணிக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரிகிறது. அக்கா அன்று ஆட்டோவில் ஏறியது திடீரென்று வந்த நல்ல எண்ணம் இல்லை. பல வருட விடியற்காலைகளின் பலன்.

வேலைக்கு நடுவிலும் இது முடியும் என்பதற்குப் பிரான்ஸ் நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து கார்மேல் சபை மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். பெரிய படிப்பு இல்லை. மடத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுவதும் சமைப்பதும்தான் வேலை. பிறகு செருப்புத் தைக்கும் வேலையும் பார்த்தார். ஜெப நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்று பிரிக்காமல், அடுப்படியிலும் இறைவன் கூடவே இருக்கிறார் என்று பழகியதுதான் அவருடைய சாதனை. 1691-இல் மறைந்தார். அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் தொகுக்கப்பட்டு இன்றும் உலகம் முழுக்கப் படிக்கப்படுகின்றன.

மாயூரத்து முன்சீப்

"அது வெளிநாட்டுத் துறவி. ஆபீஸ், கோர்ட்டு, குடும்பம்னு இருக்கிறவங்களால முடியுமா?" முடியும். நம்ம தமிழ்நாட்டிலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். அவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

1826-இல் திருச்சி அருகே குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கக் கிறிஸ்தவர். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-இல் வெளியிட்டவர். ஆனால் நாள்தோறும் அவர் பார்த்த வேலை மாவட்ட முன்சீப், அதாவது நீதிபதி. தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று பல ஊர்களில் பணி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வரும் ஆசைகளைச் சொல்லவா வேண்டும்? அவரோ லஞ்சத்தையும் பொய்யையும் கண்டித்து 'நீதிநூல்' எழுதினார். சட்டம் ஏழைக்கும் புரிய வேண்டும் என்று கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துக் கொடுத்தார். பெண்கள் படிக்க வேண்டும் என்று எழுதினார், பேசினார்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. இன்றும் கிராமத்தில் கிழவிகள் வாயில் அந்தப் பெயர் இருக்கும். ஜனங்கள் வழியிலேயே விழுந்து செத்தார்கள். வேதநாயகம் பிள்ளை தன் கைப்பணத்தைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். வந்தவர் எந்த மதம், எந்த ஜாதி என்று பார்க்கவில்லை. 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், ஒரு சைவர், இந்தக் கிறிஸ்தவ முன்சீப்பின் கொடையைப் புகழ்ந்து கீர்த்தனம் பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மேல் 'குளத்துக்கோவை' பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகருக்கும் அவருக்கும் நெருங்கிய நட்பு.

1878-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. எந்த சமயத்தாரும் பாடக்கூடிய விதத்தில் இறைவனைப் பாடியவை. கர்நாடக இசைக் கச்சேரிகளில் இன்றும் பாடுகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் தன் மதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்து 1889-இல் மறைந்தார். இறைவனை முதலில் வைத்ததால் அடுத்தவரைத் தள்ளி வைக்கவில்லை. அதனால்தான் ஆதீனகர்த்தரும் அவருக்கு நண்பர், பஞ்சத்தில் பசித்தவனும் அவருக்குச் சொந்தம்.

நம்ம ரயில் பாதையில் நடந்தது

இவ்வளவு படித்த பிறகு நம்ம ஏரியாவையே புதுசாகப் பார்க்க ஆரம்பித்தேன். அம்பத்தூரில் திருவள்ளூர் லோக்கல் ஏறினால் ஆவடி, பட்டாபிராம் தாண்டித் திருநின்றவூர். பூசலார் நாயனார் ஊர். கோயில் கட்டக் கையில் காசில்லை. மனதுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, கல் அடுக்கி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னன் கனவில் சிவபெருமான் தோன்றி, "நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வை" என்றாராம். இருதயாலீஸ்வரர் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. இதை நமக்குப் பாடிக் கொடுத்த சேக்கிழார், குன்றத்தூர்க்காரர். சோழ மன்னனுக்கு அமைச்சர். அரசாங்க வேலைக்கு நடுவிலும் அவர் மனதில் அடியார்களே இருந்தார்கள்.

பூந்தமல்லியில் திருக்கச்சி நம்பிகள். பூந்தோட்டம் வைத்துப் பூத்தொடுத்து, சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற காஞ்சி வரதராஜருக்குக் கொண்டுபோய், ஆலவட்டம் வீசிப் பணி செய்தவர். பெருமாள் அவரோடு நேராகப் பேசுவார் என்பது ஐதீகம். அவர் ஒருநாள் மோட்சம் கேட்டாராம். பெருமாளோ, நீ விசிறியதற்கு நான் பேசியது சரியாகப் போயிற்று, மோட்சத்துக்கு அடியார்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்றாராம். பிறகு அவர் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல் திருக்கோஷ்டியூர் போய், அங்கே மாடு மேய்த்துத் தொண்டு செய்தார் என்று வைணவப் பெரியோர்கள் சொல்வார்கள்.

சாமிக்கே நேராக விசிறியவரையும், "போய் மனுஷனுக்குத் தொண்டு செய்" என்று அனுப்பிய சாமி! எங்க அக்கா ஆஸ்பத்திரியில் சொன்னதும் இதேதான்.

நாளையிலிருந்து என்ன செய்யலாம்?

1. எழுந்ததும் போன் இல்லை. முகம் கழுவி, விளக்கேற்றி, பத்து நிமிடம். நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர்களுக்குக் காலை எப்போது தொடங்குகிறதோ அப்போது.

2. வேண்டுதலின் வரிசையை மாற்றுங்கள். முதலில் நன்றி. பிறகு "உன் விருப்பம் எதுவோ அது நடக்கட்டும்." அதற்குப் பிறகு உங்கள் பட்டியல்.

3. சம்பளம் வந்த அன்றே தர்மத்துக்கு ஒரு பங்கு. நூறு ரூபாயானாலும் சரி. கடன் வாங்கிக் காணிக்கை வேண்டாம்.

4. மெஷின் முன்னாடியோ கம்ப்யூட்டர் முன்னாடியோ உட்காரும்போது ஒரு தரம் அவர் பெயர். அன்றைய வேலையில் ஏமாற்று இல்லாமல் பார்த்துக்கொண்டால் அதுவும் பூஜைதான்.

5. விரதமோ வேண்டுதலோ, தொடங்கும் முன் ஒரு கேள்வி: இதனால் வீட்டில் யாருக்காவது பாரம் ஏறுகிறதா? ஏறினால், தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். தெய்வம் காலண்டர் பார்த்துக் கோபித்துக்கொள்ளாது.

6. இரவில் படுக்கும் முன்: இன்றைக்கு யாரைத் தாண்டிப் போனேன்? பெயர் நினைவுக்கு வந்தால் மறுநாள் காலை முதல் வேலை அதுதான்.

முடிவாக...

அம்மா இப்போது நலம். மூன்று வாரம் நான் சிறுவாபுரிக்குப் போகவில்லை. கணக்கு விட்டுப்போனதே என்று முன்பு போலப் பதறவும் இல்லை. உடம்பு தேறியதும் அம்மாவே, "என்னையும் கூட்டிட்டுப் போடா" என்றார்கள். கார் பிடித்து, கூட்டம் குறைந்த ஒரு புதன்கிழமை போனோம். சன்னதியில் நான் வீடு கேட்கவில்லை. அம்மா என்ன கேட்டார்கள் என்று திரும்பி வரும்போது விசாரித்தேன்.

"எதிர்வீட்டுப் பொண்ணு நல்லா இருக்கணும்னு கேட்டேன்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சாமிர்தத்தில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். சில கிறிஸ்தவர்கள் கோயில் பிரசாதம் சாப்பிடமாட்டார்கள் என்பது வாசலில் நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. தயங்கினேன். அக்கா கிண்ணத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நான் சாப்பிடறதில்ல தம்பி, தப்பா நினைக்காத. உள்ள வா, அம்மா எப்படி இருக்காங்க சொல்லு, காபி குடிக்கலாம்" என்றார். குடித்தேன். அவர் தன் முதல் இடத்தையும் விடவில்லை, என்னையும் விடவில்லை.

உங்கள் வீட்டில் இன்று "தலை சுத்துது" என்று யாராவது சொன்னால், வண்டிச் சாவியைக் கீழே வையுங்கள். முருகன் அங்கேதான் நிற்கிறான்.

இந்தப் பதிவு பிடித்திருந்தால், வயதான பெற்றோரை வீட்டில் வைத்திருக்கும் ஒருவருக்காவது அனுப்புங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!